தீப்பெட்டி லெப்டினன்ட்

லெப்டினன்ட் ஜோசையா லாட்டிமர் அந்தப் போரின் கடைசி வருஷத்துக்குள் மூன்று கப்பல்களை எரித்திருந்தார். மூன்றும் அவருடைய சொந்தக் கப்பல்கள்.

சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனிக்கொடி ஏற்றியபோது எங்களிடம் பருத்தி இருந்தது, அடிமைகள் இருந்தார்கள், வாய்ப்பேச்சு நிறைய இருந்தது. கப்பல் மட்டும் இல்லை. வடக்குக் கடற்படையில் நல்ல பெயரோடு இருந்த லாட்டிமர், பிறந்த மண் பக்கம் நிற்க வேண்டும் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தார். வாஷிங்டனில் அதை ஏற்கவில்லை. பதவி நீக்கம் என்று எழுதி அவர் பெயரை அடித்துவிட்டார்கள். இங்கே வந்தால் பதவி தந்தார்கள், சாம்பல் நிறச் சீருடை தந்தார்கள், ஏறி நிற்க ஒரு பலகை தர யாரிடமும் இல்லை.

ஆகவே கப்பல்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். முதல் கப்பல் நியூ ஆர்லியன்ஸில். உடம்பு தயாரானது, இன்ஜின் வரவில்லை, எதிரி வந்துவிட்டான். எதிரி கையில் கப்பல் சிக்கக் கூடாது என்பது கடற்படையின் எழுதாத சட்டம். லாட்டிமர் தீ வைத்தார். இரண்டாவது யாஸூ ஆற்றங்கரையில். இன்ஜின் வந்தது, இரும்புக் கவசம் வரவில்லை, எதிரி வந்துவிட்டான். தீ வைத்தார். மூன்றாவது சவன்னாவில். அங்கே எல்லாமே வந்துசேர்ந்தது. பெண்கள் நகையை விற்று, கேக் விற்று, கண்காட்சி நடத்திக் கட்டிய கப்பல் அது. பார்த்தால், எதிரி வருகிறான் என்று எங்கள் படையே ஊரைக் காலி செய்துவிட்டது. அதற்கும் தீ வைத்தார். கப்பல் எரியும்போது துறையில் நின்ற ஒரு அம்மாள் அவரிடம் கேட்டாள்: "லெப்டினன்ட், என் தோடு எந்தப் பக்கம் எரியுதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

எரிப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. காரியம் சுத்தமாக இருக்கும். கொடியைக் கடைசியாக இறக்கி, மடித்து, கையில் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பிறகு இறங்குவார். ஆனால் மூன்றாவது கப்பலுக்குப் பிறகு கடற்படையில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: தீப்பெட்டி லாட்டிமர். நான்கு வருஷப் போரில் எதிரியைப் பார்த்து அவர் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. வாய்ப்பே வரவில்லை.

கடற்படை சிரித்ததை அவர் பொறுத்துக்கொண்டார். அப்பா சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கர்னல் ஆரேலியஸ் லாட்டிமருக்கு அலபாமாவில், ஒட்டாசி ஆற்றின் மேட்டில் பெரிய பருத்தித் தோட்டம். உள்ளூர்ப் படையில் எப்போதோ வாங்கிய கர்னல் பட்டம். அந்த வீட்டின் சுவரில் தாத்தா காலத்து வாள் ஒன்று தொங்கியது. வீட்டில் யார் போருக்குப் போனாலும் அதை இடுப்பில் கட்டி அனுப்புவது வழக்கம். ஜோசையா கிளம்பியபோது கர்னல் கட்டிவிடவில்லை. "அத்தனை வருஷம் வடக்கத்தி யாங்கிங்க உப்பைத் தின்னவன் நீ. முதல்ல ஒரு யாங்கியைச் சுட்டுட்டு வா. அப்புறம் வாளைப் பத்திப் பேசலாம்" என்றார். சவன்னா செய்தி வந்த அன்று விருந்தாளிகள் முன்னால் இப்படிச் சொன்னாராம்: "என் பையன் இந்தப் போர்ல ஒரு கடற்படையை ஒழிச்சுக்கட்டியிருக்கான். நம்ம கடற்படையை."

நான்காவது கப்பல் அதே ஒட்டாசி ஆற்றில் கிடைத்தது. பெயர் டாலாசி. கட்டுவதற்குக் காய்ந்த மரம் கிடைக்காமல் பச்சைப் பைன் மரத்தை அறுத்துக் கட்டியிருந்தார்கள். கவசத்துக்கு ரயில் தண்டவாளம். இன்ஜின் ஒரு மரம் அறுக்கும் ஆலையிலிருந்து வந்தது. நிலக்கரி கண்ணால் பார்த்து வெகுநாளாகியிருந்தது, பிசின் வடியும் பைன் விறகைத்தான் அடுப்பில் போட்டார்கள். அது விடும் புகை அட்டைக் கறுப்பாக, அடுத்த ஜில்லாவுக்கே தெரியும். ஆனால் இரண்டு பீரங்கிகள் இருந்தன, வெடிமருந்து இருந்தது, கப்பல் நகர்ந்தது. ஆற்று முகத்துவாரத்தில் யாங்கிக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. போய் ஒரே ஒரு குண்டாவது சுட வேண்டும், அதற்குப் பிறகு கப்பல் மூழ்கினாலும் சரி என்பதுதான் லாட்டிமருக்கு இருந்த ஒரே ஆசை.

கப்பல் கிளம்பிய அன்று ஆட்களையெல்லாம் மேல்தளத்தில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஆற்றில் வீசினார்.

"இந்தக் கப்பலை நான் எரிக்கப் போறதில்லை" என்றார்.

பீரங்கிக்காரர் டோலன் மொபீல் துறைமுகத்து அயர்லாந்துக்காரர், வாய் சும்மா இருக்காது. "அப்போ அடுப்பை யார் பத்தவைக்கிறது, கேப்டன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். லாட்டிமரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று டோலன் பிற்பாடு சொல்வதுண்டு.

கப்பலைத் திருப்பும் சக்கரத்தைப் பிடித்தவர் டைட்டஸ். கறுப்பரை வழிகாட்டி மாலுமி என்று அழைக்கக் கூடாது என்பதால் அவரைச் சக்கரக்காரன் என்றே எழுதியிருந்தார்கள். வேலை ஒன்றுதான், பெயர்தான் வேறு. டைட்டஸ் கர்னலுடைய அடிமை. கடற்படைக்கு வாடகைக்கு அனுப்பியிருந்தார், கூலி கர்னலுக்குப் போனது. டைட்டஸின் அம்மா டார்கஸ் கர்னல் வீட்டுச் சமையற்காரி. லாட்டிமரும் டைட்டஸும் சின்ன வயசில் ஒரே ஆற்றில் மீன் பிடித்தவர்கள். அதைப் பற்றி லாட்டிமர் எப்போதாவது பேசுவார், டைட்டஸ் பேசியதில்லை.

கிளம்பிய மறுநாள் காலையில் கரையோரமாக ஒரு ஆள் குதிரையில் வந்து கத்தினான். கப்பல் கட்டிய ஊர் விழுந்துவிட்டது, யாங்கிக் குதிரைப்படை ஊருக்குள் வந்துவிட்டது, தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள். அதோடு அவன் குதிரையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். இனி திரும்பிப் போக இடமில்லை என்று தெரிந்துவிட்டது. லாட்டிமருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. திரும்பும் உத்தேசம் அவருக்கு முதலிலேயே இல்லை.

கர்னலின் தோட்டம் அடுத்த வளைவுக்கு அப்பால் இருந்தது. அந்த இடத்தில் மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும், கொடி நன்றாகத் தெரிய வேண்டும், அப்பா மேட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று லாட்டிமர் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சீருடையின் பொத்தானைக்கூடத் துடைத்துக்கொண்டார். வளைவு நெருங்கியபோது மரங்களுக்கு மேலே வெள்ளையும் மஞ்சளுமாகப் பெரிய புகை எழுந்தது.

"கேப்டன், அங்க பாருங்க" என்றார் டோலன். "யாரோ ஊருக்கே சமைக்கிறாங்க போல."

"டைட்டஸ், அது எந்த இடம்?"

"நம்ம துறைதான், எஜமான். பெரிய எஜமானோட துறை."

"வீடா?"

"இங்கேர்ந்து தெரியலை, எஜமான். மேடே எரியுற மாதிரி இருக்கு."

லாட்டிமர் தொலைநோக்கியை எடுத்தார். புகைக்கு நடுவே மனிதர்கள் அங்குமிங்கும் ஓடுவது மட்டும் தெரிந்தது. மேலே ஊர் விழுந்தாயிற்று, கீழே அப்பாவின் வீடு எரிகிறது, அப்படியென்றால் குதிரைப்படையில் ஒரு பிரிவு குறுக்கு வழியாக வந்து மேட்டைப் பிடித்துவிட்டது. இதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று அந்தக் கப்பலில் யாருக்கும் தோன்றவில்லை. அப்பா உயிரோடு இருக்க மாட்டார் என்று அவர் நினைத்தார். சரணடைகிற ஆள் இல்லை அவர்.

"டோலன், அந்த மேட்டைச் சுட முடியுமா?"

"இந்த ஓட்டை வழியாவா? மேட்டுல நிக்கிறவனோட முழங்கால்கூடத் தெரியாது, கேப்டன். பீரங்கியைத் தூக்கினா நம்ம கூரைதான் பறக்கும். அவன் மேலேர்ந்து போட்டான்னா நேரா நம்ம தலையில விழும். தலைக்கு மேல நமக்கு இரும்பே இல்லை."

"பின்னாடி போகலாமா?"

"மரம் அறுக்குற இன்ஜினுக்குப் பின்னாடி போகத் தெரியாதுங்க. திருப்பலாம்னா ஆறு நம்ம கப்பல் நீளத்தைவிடக் குறுகல்."

லாட்டிமர் தொலைநோக்கியை மூடினார். முகத்துவாரம் வரைக்கும் போயிருந்தால் போதும், ஒரே ஒரு குண்டு. கப்பலை யாங்கிகள் பிடித்து, அதே பீரங்கிகளோடு நம் ஆட்கள்மேல் ஏவுவார்கள் என்பதை நினைத்துப் பார்த்தார். மேட்டுப் புகை இன்னும் உயர எழுந்தது. கரையில் சேர்க்கும்படி டைட்டஸிடம் சொன்னார். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

"டோலன், நெருப்பு இருக்கா?"

டோலனுக்கு அன்று ஒருநாள்தான் வாயில் வார்த்தை வரவில்லை. தன் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

காரியம் வழக்கம்போலச் சுத்தமாக நடந்தது. பைன் விறகை அடுக்கி, கொழுப்பை ஊற்றி, ஆட்களைக் கரைக்கு அனுப்பி, கொடியை மடித்துக்கொண்டு லாட்டிமர் கடைசியாக இறங்கினார். காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனபோது வெடிமருந்து அறை வெடித்தது. மரங்களிலிருந்த கொக்குகள் அத்தனையும் ஒன்றாகப் பறந்தன. தண்டவாளத் துண்டு ஒன்று அவர்களுக்குப் பின்னால் சேற்றில் வந்து விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லாட்டிமர் அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

சதுப்பு வழியாக நடந்து, ஆட்களைத் தோட்டத்தின் பின்பக்கம் கொண்டுவந்தார். அப்பாவை அடக்கமாவது செய்ய வேண்டும், அதற்காக யாங்கிகளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். மரங்களை விலக்கிப் பார்த்தால் வெள்ளைத் தூண்களோடு வீடு அப்படியே நின்றது. முற்றத்தில் கோழி மேய்ந்தது. நீலச் சட்டை போட்ட யாங்கி ஒருவன்கூட இல்லை. துறையில் மட்டும் பெரிய சாம்பல் குவியல் புகைந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் பழைய உள்ளூர்ப் படைச் சீருடையில் கர்னல் நின்றார், பொத்தான் போட முடியாமல் வயிறு பிதுங்கியது. மகனைக் கண்டதும் படியிறங்கி ஓடிவந்தார். அவர் ஓடி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"ஜோசையா! எங்கடா அடிச்சே அவனை? எந்த வளைவுல?"

"யாரை, அப்பா?"

"யாரையா? அந்த யாங்கிக் கப்பலைத்தான்! மேட்டுல நின்னு பார்த்தேன்டா. கறுப்புப் புகை, மரத்துக்கு மேல, நேரா என் துறையைப் பார்த்து வருது. மேல ஊர் விழுந்துபோச்சுன்னு சேதி வந்திருந்துச்சு, நம்மகிட்ட ஏது அப்படிப் புகை விடுற கப்பல்? பருத்தி அவன் கையில சிக்கக் கூடாதுன்னு மொத்தத்தையும் நானே பத்தவெச்சேன். வருஷக்கணக்குல சேர்த்து வெச்சதுடா. அடுத்தது வீடு. டார்கஸ் கையில பந்தத்தைக் குடுத்து நிக்க வெச்சிருந்தேன். அப்போ கேட்டுச்சு பாரு சத்தம்! ஜன்னல் கண்ணாடியெல்லாம் விழுந்துபோச்சு. புகை நின்னுபோச்சு. என் பையன்தான், வேற யாருன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா, டார்கஸ்?"

"சொன்னீங்க, எஜமான்" என்றார் டார்கஸ். அவர் பார்வை கர்னலிடம் இல்லை. சேற்றோடு நின்ற டைட்டஸைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

லாட்டிமருக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. தன் கப்பலின் புகையைப் பார்த்து அப்பா பருத்தியை எரித்தார். அந்தப் பருத்திப் புகையைப் பார்த்து இவர் கப்பலை எரித்தார். எதிரி பாவம், எங்கேயோ குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் இப்படி ஒரு போரை நடத்தியிருக்க முடியாது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன் சொத்தைத் தானே கொளுத்துவதில் அப்பாவும் பிள்ளையும் ஒரே வார்ப்பு.

சொல்ல வாயெடுத்தார். கர்னல் அதற்குள் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். கட்டிப்பிடித்து, தோளில் முகத்தை வைத்து, "வீட்டைக் காப்பாத்திட்டேடா" என்றார். ஒரு விதத்தில் அது உண்மையும்கூட. லாட்டிமர் வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் புதைத்து வைத்திருந்த பன்றித்தொடைக் கறியைத் தோண்டியெடுத்தார்கள், ஒளித்து வைத்திருந்த ஒயினும் மேஜைக்கு வந்தது. கர்னல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். லாட்டிமர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசியோடு இருந்த டோலன் பதில் சொன்னார்.

"எத்தனை பீரங்கி இருந்துச்சு அதுல?"

"ரெண்டு, கர்னல். நல்ல பெருசு."

"கவசம்?"

"நல்ல இரும்புங்க. மேல கூரையில மட்டும் ஒண்ணும் கிடையாது."

"சண்டை போட்டானா?"

"இல்லைங்க. ஒரு குண்டுகூடச் சுடலை. அதுக்குள்ள எரிஞ்சுபோச்சு."

"கோழைப் பசங்க!" என்று கர்னல் மேஜையைத் தட்டினார். அப்போது சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஒருவர் இருவர் அல்ல, ஐந்தாறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. நடுவில் டைட்டஸின் குரல் கேட்டது, மறுபடி சிரிப்பு.

"என்ன அங்க கூத்து?"

டார்கஸ் சோளரொட்டியோடு உள்ளே வந்தார். முகத்தைத் துடைத்திருந்தார். "ஒண்ணுமில்லை, எஜமான். சின்ன எஜமான் ஜெயிச்ச கதையை டைட்டஸ் சொல்றான். சந்தோஷத்துல சிரிக்குதுங்க" என்று சொல்லி, ரொட்டியை லாட்டிமரின் தட்டில் வைத்தார். இரண்டாகவே வைத்தார்.

கர்னல் எழுந்து சுவரிலிருந்த வாளைக் கழற்றினார். மகனை நிற்கச் சொல்லி, தன் கையால் இடுப்பில் கட்டினார். வயசான விரல்கள், கொக்கியை மாட்ட வெகுநேரம் ஆனது. லாட்டிமர் அசையாமல் நின்றார். நான்கு வருஷமாக அவர் வேண்டியது அதுதான். இப்போது அது அவர் இடுப்பில் இருந்தது, அவருக்கோ எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

காலையில் எழுந்ததும் அவர் சாம்பல் குவியல் பக்கம் போனார். டைட்டஸ் அங்கே நின்றிருந்தார்.

"நேத்து அது பருத்திப் புகைன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியலை, எஜமான். யாங்கிங்கதான்னு நினைச்சேன்" என்றார் டைட்டஸ். கொஞ்சம் பொறுத்து, "அப்படி நினைக்க ஆசையா இருந்துச்சு" என்றார்.

சின்ன வயசிலிருந்து தெரிந்த ஆள் தன்னிடம் மனசில் இருந்ததைச் சொன்னது அதுவே முதல் தடவை என்பது லாட்டிமருக்கு உறைத்தது. அதற்குள் பாதையில் குளம்புச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை உண்மையான யாங்கிகள்.

ஓஹையோக் குதிரைப்படையின் ஒரு கேப்டன் முற்றத்தில் வந்து இறங்கினார். ஜலதோஷம் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். உங்கள் தலைநகர் ரிச்மண்ட் விழுந்துவிட்டது, உங்கள் பெரிய படையே சரணடைந்துவிட்டது, அடிமைகளுக்கு இனி விடுதலை, நீங்களும் ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். லாட்டிமர் முறைப்படி வாளைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

"பேர்? கப்பல்?"

"லெப்டினன்ட் லாட்டிமர். டாலாசி."

"கப்பல் எங்க?"

லாட்டிமர் பேசுவதற்குள் படிக்கட்டிலிருந்து கர்னலின் குரல் வந்தது. "உங்க கப்பல் எங்கன்னு கேளுங்க ஐயா! நேத்து இந்த ஆத்துல வந்த உங்க பீரங்கிக் கப்பலை என் பையன் தூள்தூளாக்கிட்டான்!"

கேப்டன் கைக்குட்டையிலிருந்து முகத்தை எடுத்தார். "எங்க கப்பலா? இந்த ஆத்துல எங்களுக்குக் கப்பலே கிடையாதே. எல்லாம் முகத்துவாரத்துல நிக்குது."

டோலன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். லாட்டிமர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். இதற்கு மேல் தாங்க முடியாது என்று அவருக்கு ஆகிவிட்டது.

"அப்பா, அது என் கப்பல். நீங்க பார்த்த புகை என்னுது. உங்க பருத்திப் புகையைப் பார்த்து, யாங்கிங்க உங்களைக் கொன்னுட்டாங்கன்னு நினைச்சேன். நான்தான் எரிச்சேன்."

கர்னல் மகனை வெகுநேரம் பார்த்தார். சாம்பல் குவியலைப் பார்த்தார். கன்னம் ஒருமுறை துடித்தது. பிறகு கேப்டனிடம் தலையை நிமிர்த்திச் சொன்னார்: "என் பையன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். தான் செஞ்சதைச் சொல்லிக்கவே மாட்டான்."

கேப்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், துறைப் பக்கம் புகைவதைப் பார்த்தார். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. லாட்டிமருக்குப் பக்கத்தில் வந்து, வாளைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

"வெச்சுக்கோங்க, லெப்டினன்ட்" என்றார் தாழ்ந்த குரலில். "நீங்க எங்களை ஒண்ணுமே பண்ணலையே."

தோற்றவனின் வாளை வென்றவன் திருப்பிக் கொடுப்பது வீரத்துக்குச் செய்யும் மரியாதை. அது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கேப்டன் சொன்னது கர்னல் காதில் விழவில்லை, கொடுத்தது மட்டும் கண்ணில் பட்டது. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "பார்த்தியா ஜோசையா? எதிரியே ஒத்துக்கிட்டான்!" என்றார்.

கட்டிக்கொள்ளும்படி அப்பா சைகை செய்தார். லாட்டிமர் வாளை இடுப்பில் கட்டிக்கொண்டார். கொக்கி ஒரே தடவையில் மாட்டிக்கொண்டது. குதிரைப்படை கிளம்பியபோது டார்கஸ் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தார், டைட்டஸ் சமையலறையின் பெரிய இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். பாதைத் திருப்பம் வரைக்கும் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. திருப்பம் தாண்டிய பிறகு, மரங்களுக்கு அந்தப் பக்கம், நேற்றுக் கேட்ட அதே சிரிப்பு மறுபடி கேட்டது.

"என்ன சிரிப்பு அது?" என்றார் கர்னல்.

"என்னைப் பார்த்துத்தான், அப்பா" என்றார் லாட்டிமர்.